மற்றக் கை

அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல், பழைய வீட்டுச் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த பழைய பேஸ்போல் கையுறையை எடுத்து மூக்கில் வைத்தேன். எண்ணெய் குடித்த தோலின் வாசனை. அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் ஒன்பது வயது.

தொண்ணூறுகளில் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். ஊரில் விக்கெட் கீப்பராக நின்ற அப்பா ஒரு சனிக்கிழமை கராஜ் சேலில் வாங்கிய இப்படியொரு கையுறையோடு ஓடி வந்தார்.

"பிள்ளை, கீப்பிங் கிளவுஸ்! இடக் கைதான் கிடந்தது. மற்றக் கையை வித்த மனுசன் எங்கையோ மறந்துபோய் வைச்சிட்டார்."

என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். இது பேஸ்போல், இந்த விளையாட்டுக்கு ஒரு கைக்குத்தான் உறை என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஒரு கையாலை என்னெண்டு பிடிக்கிறது?" என்று அப்பா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். நம்பவேயில்லை.

அந்தக் கோடை முழுவதும் கராஜ் சேல்களில் மற்றக் கையைத் தேடினோம். சோடி பொருந்த வேண்டுமே என்று அடையாளங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: விரல்களைச் சேர்த்துக் கட்டும் வார் இல்லை, மணிக்கட்டில் பித்தளைப் பொத்தான். அப்படியானவை இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை என்று பின்னால்தான் அறிந்தேன்.

இன்று கையிலிருந்ததைத் திருப்பினேன். விரல்கள் தனித்தனி. பித்தளைப் பொத்தான். இடது கையை நுழைத்தால் பெருவிரல் மறுபக்கம் நின்றது. இடக் கையால் எறிபவர் வலக் கையில் போடும் உறை!

அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அப்பா, மற்றக் கை கிடைச்சிட்டுது!"

அப்பா சொன்னார்:

"நான் அப்பவே சொன்னனான் எல்லே!"