காபிக் களத்தில் ஏறிய பிக்கப்

ஏற்காடு மலையில் செம்மநத்தம் ஊர்ச் சித்தனுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தே போயிருக்கிறது. முதலில் எஸ்டேட் ஜீப், பிறகு யார் யாருடைய வேனோ, கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளை பிக்கப். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதைத்தான் சொல்லாது? போன ஐப்பசியிலிருந்து அவன் பட்டப்பகலில், இரண்டு கண்ணும் திறந்திருக்கையிலேயே அந்தச் சாலையில் இறங்குவதில்லை. காரணம் ஊருக்குத் தெரியாது, அவன் மனைவி வெண்ணிலாவுக்கு மட்டும் தெரியும்.

நடந்தது இதுதான். ஐப்பசி மழையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கினான். கேபினுக்கு மேல் ஓர் ஆள் உயரம் தார் அடுக்கியிருந்தான். இந்த மலையில் எல்லாரும் அப்படித்தான் அடுக்குகிறார்கள், அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பக்கத்து சீட்டில் வெண்ணிலா, சேலத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை எப்படித் திருப்பியும் சாய்மானம் நிற்கவில்லை. நல்ல காலம், சாய்ந்தது மலைப்பக்கம். மண்சுவரில் மோதி வண்டி நின்றது. தார்கள் ரோடு முழுக்க உருண்டன. வெண்ணிலாவுக்குத் தோள்பட்டையில் ஆறு தையல். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

வண்டியைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்டும் அடித்தாயிற்று. சித்தனை நிமிர்த்தத்தான் ஆளில்லை. வாழவந்திக்கு உர மூட்டை, கிளியூருக்கு மணல் என்று மலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தான். சேலம் லோடு என்று யாராவது வாயெடுத்தால், "கிளட்சு கொஞ்சம் சரியில்லீங்க" என்பான். மூன்று மாதமாக ஒரு கிளட்ச் சரியில்லாமல் இருந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வேறு வண்டியைக் கூப்பிட்டார்கள். தை பிறந்ததும் அவனே, வண்டியை விலைக்குக் கேட்டிருந்த ஓமலூர் பொன்னுவேலுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

"வித்துட்டு எஸ்டேட்டுக்கு மருந்தடிக்கப் போறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வெண்ணிலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

வெண்ணிலா மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. ஏற்காட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி மாதேஷைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா மாதேசு, வண்டி பின்னாடி சாயாம இருக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?"

"இருக்குதுக்கா. முன்னாடி கம்பெனியே ஒரு கம்பி போட்டுத்தான் குடுக்கறான். பின்னாடி கெடையாது. வெளிய வாங்கி மாட்டிக்கலாம். ஸ்டெபிலைசர் பாருன்னு பேரு."

"அப்ப வாங்கு."

"மாமா ஒத்துக்கோணுமே?"

"அவரை நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை சேலம் பஸ்ஸில் நீளமான ஓர் அட்டைப் பார்சல் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டுப் பார்வதி, துணி காயப்போடும் கம்பியா என்று கேட்டாள். பிரித்தால், கட்டைவிரலைவிடத் தடித்த கறுப்பு இரும்பு, 'ப' எழுத்தைப் போல இரண்டு முனையும் மடங்கியிருந்தது. நடுப்பகுதியைப் பின் அச்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு முனைகளையும், லிங்க் என்ற இரண்டு குட்டிக் கம்பிகளால் மேலே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பிணைக்க வேண்டும்.

"ஒரு பக்கம் அமுங்கப் போச்சுன்னா இது முறுக்கிக்கிட்டு அடுத்த பக்கத்தையும் இழுக்கும் மாமா. தனியா சாய உடாது" என்றான் மாதேஷ்.

"ஞாயித்துக்கெழம விக்கற வண்டிக்கு எதுக்கு மாப்ள கம்பி?"

வெண்ணிலா குறுக்கே வந்தாள். "விக்கறதுதான் விக்கறீங்க, சாயாத வண்டியா வித்தா ஓமலூர்க்காரராச்சும் நல்லா இருப்பாருல்லீங்க?"

சித்தன் உள்ளே போனான். ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. பார்சலுக்குள் ஒரு இங்கிலீஷ் தாள் இருந்தது. மாதேஷ் எழுத்துக் கூட்டிப் படித்து, "வண்டியைச் சமமான தரையில நிறுத்தச் சொல்லுதுங்க மாமா" என்றான். இருவரும் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தார்கள்.

"இதுக்கென்ன கொறச்சல்? நம்மூர்லயே சமமான எடம் இதுதான்" என்றான் சித்தன்.

மாதேஷுக்கும் அப்படித்தான் பட்டது. வழக்கம்போல முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு இருவரும் அடியில் நுழைந்தார்கள். மத்தியானத்துக்குள் கம்பி ஏறிவிட்டது. ஒரே ஒரு விஷயம், இடது லிங்க்கை வலதைவிட இரண்டு விரற்கடை குட்டையாகத் திருகினால்தான் துளை ஒத்துவந்தது.

"பரவால்ல மாமா, திருகிக்கத்தானே மரை வெச்சுக் குடுத்திருக்கறான்" என்றான் மாதேஷ். சித்தனும் தலையாட்டினான். இரண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்து போல்ட்டை இறுக்கினார்கள்.

சாயங்காலம் ஏற்காடு ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். வெறும் வண்டி, நேரான ரோடு, ஆனாலும் வண்டி இடது பக்கம் ஒருச்சாய்ந்து, இடுப்பில் குடம் வைத்த பெண்பிள்ளையைப் போலப் போனது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் டொக் என்று ஒரு சத்தம். சித்தன் ஓரமாக நிறுத்திவிட்டான். இந்தக் கம்பியை அவன் நம்பவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில் உள்ளுக்குள் நிறைய நம்பியிருக்கிறான் என்பது இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூட இருந்த மாதேஷ் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு வந்து கழட்டிரு மாப்ள" என்றான் சித்தன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தான். கட்டில் ஆடியது. வெண்ணிலா வீடு கூட்டும்போது கட்டில் காலுக்கு அண்டை கொடுத்திருந்த ஓட்டுச் சில்லு நகர்ந்திருக்கிறது. எரிச்சலோடு கீழே குனிந்து சில்லைத் தள்ளி வைத்தான். கீழே இருந்தபடியே, இடப்பக்கத்து இன்னொரு காலையும் பார்த்தான். அதற்கும் ஒரு சில்லு. நிமிர்ந்து டிவி ஸ்டாண்டைப் பார்த்தான். இடப்பக்கம் மடித்த அட்டை. அடுப்படிக்குப் போனான். தண்ணீர் டிரம்முக்கு மரத்துண்டு, அதுவும் இடப்பக்கம். பிறந்ததிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறான். அண்டை கொடுக்காத ஒரு சாமானும் இங்கே நின்றதில்லை.

"வெண்ணிலா, ஒரு ஆரஞ்சு குடு."

"திங்கறதுக்குங்களா?"

"உருட்டறதுக்கு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். இருட்டுவதற்கு முன் வாசலுக்குப் போய், காலையில் வண்டியின் வலது சக்கரம் நின்ற இடத்தில் ஆரஞ்சை வைத்தான். அது யோசிக்கவே இல்லை. நேராக இடது சக்கரம் நின்ற இடத்துக்கு உருண்டு, அதையும் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. சித்தன் சிரித்தான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து வெண்ணிலா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சரிவுல சாஞ்சு நின்ன வண்டிய, அப்படியே சாஞ்ச மேனிக்குக் கட்டிப் போட்டுட்டோம். கம்பி மேல தப்பில்ல, நெலத்து மேலதான். சமமான எடத்துல நிறுத்தி மறுபடி பூட்டோணும்."

சமமான இடம் எங்கே? பள்ளிக்கூட மைதானத்தில் பந்து ஒரு கோல் பக்கமே ஓடும். மாதேஷின் ஒர்க்‌ஷாப்போ ஏற்றத்தில் தொங்குகிறது. கோயில் வாசலில் படிகள்தான் இருக்கின்றன. மனிதன் இந்த மலையில் மட்டம் பார்த்துப் போட்ட தரை என்று ஒன்றே ஒன்றுதான் வெண்ணிலாவுக்கு நினைவு வந்தது. அவள் தினமும் கூலிக்குப் போய், காயும் காபிக்கொட்டையைக் கிளறும் எஸ்டேட் களம்.

அந்தக் களத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது. காய்கிற கொட்டையில் மண்ணோ வாடையோ பட்டால் மொத்தமும் கெட்டது. சேலத்திலிருந்து வந்து இருபது வருஷமாக எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் பாலசுப்பிரமணியம், முதலாளி வீட்டு மாப்பிள்ளையையே ஷூவைக் கழற்ற வைத்தவர். சனிக்கிழமை காலையில் கொட்டையை எல்லாம் மூட்டை பிடித்துவிட்டுக் களத்தைக் கூட்டியிருந்தார்கள். வெண்ணிலா முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். சித்தன் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"வண்டியா? களத்துலயா?" ரைட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏம்மா, இங்க செருப்புக்கே எடமில்ல."

"செருப்புக் காலுதானுங்க ஆகாது. நாங்க சக்கரத்தைக் கழுவிட்டு ஏத்தறமுங்க. அடியில தார்ப்பாய் விரிச்சுக்கறமுங்க."

அவர் அவளை விட்டுவிட்டுச் சித்தனைப் பார்த்தார். "ஐப்பசியில இருந்து சேலம் லோடுக்கு நீ வரதே இல்லயே. நெசமா என்ன காரணம்?"

சித்தன் கிளட்ச் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"பயமுங்க."

இதை அவன் வெண்ணிலாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ரைட்டர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவு. ஆனா ஒண்ணு, பூட்டி முடிச்சதும் இந்த மூட்டையை நீதான் சேலத்துல கொண்டு போய் எறக்கோணும். இன்னைக்கே."

சித்தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். வெண்ணிலா அவனுக்கும் சேர்த்து "சரிங்க" என்றாள்.

நான்கு சக்கரங்களையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட அப்படிக் கால் கழுவியிருக்க மாட்டார்கள். வெறுங்காலோடு சித்தன் வண்டியைத் தார்ப்பாய் மேல் ஏற்றினான். இஞ்சினை நிறுத்தப் போகும்போது ரைட்டர் கையை ஆட்டினார்.

"அப்படி நிறுத்தாத. தண்ணி வடியறதுக்குக் கெழக்கால லேசா வாட்டம் குடுத்திருக்குது. மூஞ்சியக் கெழக்கால திருப்பு. அப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கும்."

திருப்பினான். மாதேஷ் கொத்தனாரிடம் வாங்கி வந்திருந்த, மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிடித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. இடது லிங்க்கின் போல்ட்டைத் தளர்த்தியதும் கம்பி டொக் என்று ஒரு தடவை உதறிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தது. இப்போது அளந்தால் இரண்டு லிங்க்கும் ஒரே நீளம். வண்டி நிமிர்ந்து நின்றது. வேட்டி அழுக்காவதைப் பற்றி நினைக்காமல் ரைட்டர் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இறுக்கு" என்று உத்தரவு போட்டார், என்னவோ அவரே வாங்கிய கம்பி மாதிரி.

மூட்டை ஏற்றினார்கள். கேபின் உயரம் வந்ததும் சித்தன் போதும் என்று கையைக் காட்டினான். இன்னும் ஆறு மூட்டை பிடிக்கும் என்றார்கள் லோடு ஆட்கள்.

"அது அடுத்த டிரிப்புக்குங்க" என்றான்.

வெண்ணிலா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நீ எதற்கு என்று கேட்டான். பல் டாக்டரை இன்னும் பார்க்கவில்லை என்றாள்.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் அவன் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. அவ்வளவு வியர்வை. வண்டி திரும்பியது, பின்பக்கம் லேசாக அசைந்து அங்கேயே நின்றுகொண்டது. இரண்டாவது வளைவிலும் அதேதான். நான்காவதில் எதிரே ஒரு பஸ் வந்தது, ஒதுங்கி வழி விட்டான். "பாத்தியா, புடிச்சுக்குது" என்றான். வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், "ம்" என்றாள். ஒன்பதாவது வளைவு வந்தது. மண்சுவரில் வண்டி உரசிய தடம் இன்னும் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஓட்டியவன், லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்த பையனைப் போலக் கியரைக் குறைத்து, அகலமாகப் போய்த் திருப்பினான். மூட்டைகளின் கனம் வெளிப்பக்கம் தள்ளியது. கம்பி அதைப் பிடித்து இழுத்தது. இழுத்ததை சீட்டின் வழியாகவே அவன் உடம்பு உணர்ந்தது. தடம் பின்னால் போய்விட்டது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, இன்னும் பதினோரு வளைவு இருந்தது.

அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினான். சீட்டில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தான்.

"ஏனுங்க பொன்னுவேலண்ணா, நாளைக்கு வர வேண்டாமுங்க. வண்டி குடுக்கறதில்லீங்க. நொம்பச் சங்கடமுங்க, மன்னிச்சுக்கோங்க."

வைத்துவிட்டு வெண்ணிலாவைப் பார்த்தான். அவளுடைய இரண்டு கையும் சீட்டின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தன, விரல் வெளுத்துப் போயிருந்தது.

"ஒன்பதாவது வளைவு பாத்தியா, எப்படித் திரும்புச்சு?"

"பாக்கலீங்க."

"ஏன்?"

"மேல கெளம்புனப்ப மூடுன கண்ணுங்க. வண்டி நின்னு, நீங்க போன் பேசுனப்பத்தான் தொறந்தேன்."

 மூன்று மாதமாகத் தன் பயத்தையே சுமந்துகொண்டிருந்தவன், தையல் போட்ட அந்தத் தோளை இப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

"அத்தனை பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு ஏறுன?"

"நான் ஏறலீன்னா நீங்க எறங்கியிருப்பீங்களா?"

அவன் அந்தத் தோளில் கை வைத்தான். டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்று அவள் நெளிந்தாள், ஆனாலும் கையைத் தள்ளிவிடவில்லை.

சேலத்தில் மூட்டையை இறக்கினார்கள், பல்லையும் காட்டினார்கள். திரும்பி மலை ஏறும்போது அவள் கண்ணைத் திறந்துகொண்டே வந்தாள். அடிவாரத்தில் வாங்கிய வாழைப்பழத்தை அதே ஒன்பதாவது வளைவில் உரித்து, பாதியை அவன் வாயில் வைத்துவிட்டு, மீதியைத் தான் தின்றாள்.