பங்களா நாய்க்குப் பூசிய எண்ணெய்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களா நாயைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் ஒரு கிழிந்த கம்பளி. தை மாதப் பனியில் அந்த நாயின் தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும். அவர் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி, ரோமத்தை விலக்கித் தேய்த்துவிடுவார். கடைசியில் தம் விரலில் ஒட்டியதையும் நாயின் முதுகிலேயே வழித்துத் துடைப்பார். அவருடைய கையோ பனியில் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன நான் ஒருநாள் நின்று கேட்டேன்.

"மிச்சத்தக் கையில தடவிக்கக் கூடாதாண்ணே?"

"தொரசாணி கைய மோந்து பாப்பாங்க தம்பி. வாசம் வந்தா குடியிருக்கிற லயத்து வீட்ட விட்டே வெரட்டிருவாங்க. புள்ளகுட்டியோட எங்க போறது?"

"அப்ப இதுல கொஞ்சம் பூசிக்கங்க" என்று என் போத்தலை நீட்டினேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பங்களா எண்ணெயத் தொட்டா வேல போகும். சாமி எண்ணெயத் தொட்டா என்ன போகும்னு தெரியலையே தம்பி."

அன்று விளக்கை ஏற்றினேன். கும்பிடத்தான் கை எழவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். நாயை மட்டும் பொல்லாததாக்கிவிடாதீர்கள். பின்னால் கட்டிய அந்தக் கைகளை அது நக்கிக்கொண்டு நின்றது.