செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடு

ஓலைத்தொடுவாயில் சின்னதொரு கரைவலைச் சங்கம். அதன் கந்தோரில் பதினொரு வருடமாகக் கணினிக்கு முன்னால் இருப்பவள் சுவேதினி. தகப்பன் யாகப்பர் போன வருடம் கண்ணை மூடிய பிறகு அவருடைய வலைக்கும் அவளே சொந்தக்காரி. ஆனால் வலை மட்டும் இருந்தால் போதாது. வலையை ஒரு தரம் வளைத்து இழுப்பது ஒரு பாடு. எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை வளைப்பது என்று சங்கத்தில் முறைப் பட்டியல் உண்டு. தகப்பனின் முறை அதில் அவள் பெயருக்கு மாறியிருந்தது.

பட்டியல் அழிந்தால் புதிதாகச் சீட்டுக் குலுக்க வேண்டும். வீட்டு ஆம்பிளைதான் வந்து சீட்டெடுக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் வழமை. சுவேதினியின் வீட்டில் அவளும் தாய் றோசம்மாவும்தான்.

அப்படியிருக்க, அந்தப் பட்டியலை வைத்திருந்த, உப்புக்காற்றில் துருவேறிய பழைய கணினி ஒருநாள் கடைசி மூச்சை விட்டது. கொப்பியில் எழுதி வைத்த பிரதியைக் கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது.

"ஞாயிறு பூசை முடியக் குலுக்குவம்," என்றார் தலைவர் றெனால்ட்.

"வட்டு சாகேல்லை, தலைவர். தாய்ப்பலகைதான் செத்தது. ஞாயிறுக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

பட்டியல் இருந்த வன்வட்டைக் கழற்றி மன்னார் நகருக்குக் கொண்டுபோய், றுஸ்தியின் கணினிக் கடையில் அதை அப்படியே ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தாள். பட்டியல் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். ஆகவே சங்கத்தின் புதிய கணினிக்குள்ளே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அந்தக் கோப்பை அதற்கு வட்டாகக் கொடுத்தாள். பழைய விண்டோஸின் சின்னம் வந்தது. அடுத்த நொடி திரை முழுக்க நீலம். எத்தனை தரம் போட்டாலும் அதே நீலம்.

றுஸ்திக்குப் போன் எடுத்தாள்.

"வட்டு அதின்ர கண்ணில படேல்லை தங்கச்சி. நீ குடுத்தது புதுவகை. அதை வாசிக்கிற டிரைவர் மென்பொருள் பழைய விண்டோஸிட்ட இல்லை. போட்டுவிடு."

"போடுறதெண்டால் அது எழும்ப வேணும். எழும்புறதெண்டால் டிரைவர் வேணும். எதை அண்ணன் முதல்ல செய்யிறது?"

"அப்ப ஒண்டும் செய்யேலாது. துடைச்சுப்போட்டுப் புதுசு போடு."

"துடைக்கிறதுக்கு இஞ்ச எங்கட தலைவரே போதும்," என்று போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் றெனால்ட் அடுத்த மேசையில் இருந்து சீட்டு வெட்டி, பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, செத்ததுக்கு எத்தனை தரம் பூசை வைப்பாய்?"

"உயிர்த்தெழும் மட்டும்."

கழற்றிய பழைய வட்டு அவள் மேசையில் கிடந்தது. அதன் அகன்ற வாயையும் இரண்டு நிரை ஊசிகளையும் பார்த்தவளுக்கு, மெய்நிகர் கணினியைச் செய்தபோது வந்த கேள்வி நினைவுக்கு வந்தது. வட்டின் வகை என்ன? அப்போது முதுகுக்குப் பின்னால் நின்ற றெனால்ட், "புது மெசின், எல்லாத்தையும் புதுசாவே போடு" என்றிருந்தார். அவளும் ஆகப் புதியதைத் தெரிவுசெய்திருந்தாள். இரண்டு நாளாகப் பழையதுக்குப் புதியதைப் படிப்பிக்க மினைக்கெட்டிருக்கிறாள்! அதற்குத் தெரிந்ததையே அதன் முன்னால் வைத்தால் என்ன?

மெய்நிகர் கணினியின் அமைப்புகளைத் திறந்து, வட்டின் வகையை அந்தப் பழைய வட்டின் வகையான ஐ.டி.இ.க்கு மாற்றினாள். இயக்கினாள். சின்னம் வந்தது. நீலம் வரவில்லை. பழைய கணினியின் திரையில் எப்போதும் இருந்த மடு மாதா படம் வந்தது. மாதாவுக்குப் பக்கத்தில் பட்டியல்.

அச்சிட்ட தாளை றெனால்ட் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடு, யா. சுவேதினி.

"குலுக்கினால் எல்லாருக்கும் நியாயமா இருக்கும் எண்டுதான் நினைச்சனான்."

"எல்லாருக்கும் எண்டால் எனக்குமோ?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி. வாற வருசம் எப்பிடியும் குலுக்கல் வரும்தானே. உன்ர வீட்டால ஆர் வந்து எடுக்கிறது?"

"நான்தான். ஏன், என்ர கை அந்தப் பேணிக்குள்ள போகாதோ?"

பதிலுக்கு நிற்காமல் தாளைக் கந்தோர்க் கதவில் நாலு மூலைக்கும் பசை பூசி ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் திரும்பி, "உங்கட மருமக்கள் ரெண்டு பேரும் சும்மாதானே திரியினம்? செவ்வாய் வலை இழுக்க எனக்கு ஆள் வேணும். விடிய நாலு மணிக்கு வரச்சொல்லுங்கோ. பிந்தி வந்தால் பங்கு இல்லை," என்றாள்.