பண்டிகை மாத்து

எழுபதுகளில் நாங்கள் குடியிருந்தது அம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு லைன் வீட்டில். எலெக்ட்ரிக் ரயில் ஏறினால் பட்டணம், நடந்தால் கம்பெனிகள் நிறைந்த எஸ்டேட். அதற்காகவே எங்கெங்கிருந்தோ வந்து குவிந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் குடும்பம், இந்தப் பக்கம் தெலுங்குக்காரர்கள், கோடியில் ஒரு மலையாளத்து நர்ஸ்.

பாயும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி. அங்கே 'பண்டிகை மாத்து' என்று ஒரு வழக்கம். பொங்கலன்று இவர் கார்டில் பாய் வேலை பார்ப்பார், ரம்ஜானன்று பாய் கார்டில் இவர். மேலே தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும். எனக்கு அதைவிடப் பயம் பாய் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின். இவர் பேக்கிங்கில் இருக்கிற ஆள், அந்த மிஷின் பழக்கமில்லை. இனிமேல் அதைத் தொடமாட்டேன் என்று சத்தியமே வாங்கியிருந்தேன்.

அந்த ரம்ஜானுக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் நம்பித் தொலைத்தேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கொடுத்த பாயசத்தை அவர்கள் வீட்டில் குடித்துக்கொண்டிருந்தபோது கம்பெனி வேன் வந்து நின்றது.

டிரைவர் பாய் பெயரைச் சொல்லி இந்த வீடுதானா என்று கேட்டான். "பிரஸ்ல கை மாட்டிக்கிச்சும்மா. ஆஸ்பத்திரில சேத்துகீறாங்க" என்றான்.

நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு, அவர் பள்ளிவாசலில் இருக்கிறார், ஆளைத் தெரிந்துகொண்டு வந்து சொல் என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். பாய் மனைவி என் கையைப் பற்றினாள்.

"அக்கா, இன்னிக்கு அவரு மிஷின்ல அண்ணன்தான் நிக்கிறாரு."

வேனில் போகும்போது எந்தக் கை, உயிர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ரத்தத்தைத்தான் பார்த்தேன் என்றான் டிரைவர். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பாழாய்ப்போன ரயில் நகரவே இல்லை. பொய் சொன்ன இவரையும், போகச் சொன்ன பாயையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கம்பெனி அதிகாரி ஒருவர் வார்டு வாசலை மறித்து நின்றார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், கையிலிருந்த கார்டைப் பார்த்தார். நீ அவன் சம்சாரம் இல்லையே, வெளியே நில் என்றார். உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்காது. சொல்லாவிட்டால் இவர் முகத்தைப் பார்க்க முடியாது.

வீட்டில் விஷயம் கேட்டு வந்த பாய், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். புதுச்சட்டை முழுக்க வேர்வை.

"அது என் கார்டு சார். உள்ள கீறது இந்தம்மா ஊட்டுக்காரரு. எனக்காகத்தான் வந்தாரு. அவங்கள உள்ள உடுங்க."

உள்ளே இவர் மயக்கத்தில் இருந்தார். மூச்சு சீராக வந்தது. வலது கையில் பெரிய கட்டு. உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு விரலை எடுத்தாயிற்று என்றாள் வார்டு நர்ஸ்.

நான் வெளியே வந்தபோது அதிகாரி கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாய் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி விரலும்மா?" என்றார்.

ரெண்டு என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.