திருப்பக் கூடாத முட்டை

என் அண்ணி வயதில் எனக்கு இளையவள், முறைக்குத்தான் அண்ணி. அண்ணனின் முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் கழித்து வந்தவள். பக்கத்து வீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் அவளுக்கு வேலை. முட்டைத் தட்டுகளைச் சூட்டுப்பெட்டியில் அடுக்கி, வேளாவேளைக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துவிடுமாம். அதனாலோ என்னவோ, எதையும் அதன் பாட்டுக்கு விட அவளுக்கு வராது. தூங்குகிற என் அண்ணனைக்கூடப் புரட்டிப் படுக்க வைப்பாள்.

அண்ணன் மகளை வாயாடி என்று கூப்பிடுவோம். அவள் அம்மா இருந்தவரை பொருத்தமான பெயர்; பிறகு வாயைத் திறந்தாலே அதிசயம். அண்ணி அவள் படுக்கையை ஜன்னலோரம் மாற்றினாள், புத்தகப் பையை அடுக்கினாள், சீப்போடு பின்னாலேயே அலைந்தாள். வாயாடி தலையைத் தொட விடவில்லை. கோணல் வகிடும் சிக்குமாகவே பள்ளிக்கூடம் போவாள்.

"என்கிட்ட ஒரு நாளாவது வந்து உக்கார மாட்டாளா?" என்று அண்ணி என்னிடம் கேட்பாள்.

எங்கள் பக்கம் வறண்ட மேட்டுநிலம். கோடையில் கல்லுக்குக் கல் ஆண் ஓணான் ஏறி நின்று, தொண்டையில் நீலமும் செம்மஞ்சளுமாக விசிறி விரித்துக் காட்டும். பெண்ணுக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. வெறும் மண் நிறம். பொலபொலவென்ற மண்ணாகப் பார்த்துக் குழி தோண்டி முட்டையிட்டு, மூடி, மூக்காலேயே குத்திக் குத்திக் கெட்டிப்படுத்திவிட்டுப் போய்விடும். அண்ணன் கொத்தனார். குளியலறை கட்டுவதற்காக அவன் வாசலில் கொட்டியிருந்த மணலைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

அவன் மண்வெட்டியில் முட்டைகள் வெளியே வந்தன. சுண்டுவிரல் நுனி அளவு, தோல் போல மெத்தென்று இருந்தன. தூக்கி எறியப் போனவனை வாயாடி குறுக்கே நின்று மறித்தாள். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கிண்ணத்தில் மணல் பரப்பி, முட்டைக்கு முட்டை பென்சிலால் புள்ளி வைத்து, காலை மாலை திருப்பி வைத்தாள். வாயாடி தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது அண்ணி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முட்டைகள் சுருங்கிப் பூசணம் பூத்தன.

"நீங்க தொட்டுத் தொட்டுத்தான் செத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டு வாயாடி எழுந்து போனாள். அண்ணி அன்று சாப்பிடவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு ஓணான் அதே குவியலின் மூலையில் தோண்டியது. மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

"இது எப்ப திரும்பி வரும், அத்தை?" என்று வாயாடி என்னைக் கேட்டாள்.

"வராதுடி. முட்டை போட்டா அதோட சரி."

"அப்ப யாரு திருப்பி வைப்பா?"

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "யாரும் வைக்க மாட்டாங்க," என்றாள் மெதுவாக. "திருப்பவே கூடாது போல. நான்தான் கோழி முட்டைன்னு நினைச்சுட்டேன்."

அதன்பிறகு அண்ணி அந்த மூலையில் யாரையும் கைவைக்க விடவில்லை.

"பூச்சு பாதியில நிக்குது. ஓணானுக்காக நான் துணியை மறைப்பாக் கட்டிக் குளிக்கணுமா?" என்றான் அண்ணன்.

"குளிங்க," என்றாள்.

வேலை விட்டு வந்ததும் பூனை கிளறாமல் மணலருகே காவல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். சீப்பையும் ஆணியில் மாட்டிவிட்டாள். வாயாடியின் பின்னால் அலையவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

மழை பெய்து வெறித்த ஒரு காலையில் மணல் அசைந்தது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு ஒன்று தலையை நீட்டி, எங்களைப் பார்த்து மிரண்டு, செடிக்குள் ஓடியது. பின்னாலேயே இன்னும் சில. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்று எறும்பைக் கவ்வியது.

"அதோட அம்மா வரவே இல்ல," என்றாள் வாயாடி.

"ஆமா கண்ணு. வராது," என்றாள் அண்ணி.

வாயாடி உள்ளே போனாள். போச்சு, மறுபடியும் மூலையில் முடங்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஆணியிலிருந்து சீப்பை எடுத்துவந்து, அண்ணிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னி விடுங்க. இழுக்கக் கூடாது."

அண்ணி சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அவசரமில்லாமல் வகிடு எடுத்தாள்.