பெரிய வெள்ளிப் பாட்டும் மாமாவின் பாண்டும்

மாமாவை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று நான் பயந்து திரிந்த மாதம் அது. பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. அந்தமுறை உண்மையிலேயே ஒன்று இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து மெல்பேணுக்கு வந்து எங்கள் கராஜில் கட்டில் போட்டிருந்தார். கோயிலில் வயலின் வாசிக்கிறவர் என்று அம்மா எல்லா அன்ரிமாருக்கும் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவர் வாசித்தது, ஐரிஷ் பாட்டுகளைப் பங்க் வேகத்தில் அடித்துக் கத்தும் ஒரு பாண்டில். பாஞ்சோ, அக்கோடியன், படியில் தகரம் உருள்வது போன்ற ட்ரம். நடுவில் மாமாவின் வயலின், நாய் துரத்துகிற கோழி மாதிரி. பப் பப்பாகப் போய் வாசித்து, கடைசியில் ஒரு கசெற்றும் போட்டார்கள்.

அதை மாமா பெருமையாகக் குசினியில் போட்டுக் காட்டினார். மூன்றாவது பாட்டில் அம்மாவின் அகப்பை நின்றது. பெரிய வெள்ளியன்று, மாதா மகனை மடியில் வைத்து அழுவதாக ஊரில் பெண்கள் பாடும் புலம்பல் அது. அதை ஓடுகிற குதிரையில் ஏற்றியிருந்தார்கள்.

"பெரிய வெள்ளிப் பாட்டுக்கு வெறிகாரரை ஆட விட்டிருக்கிறியோடா?"

"அக்கா, அவங்கட பாட்டும் செத்தவையைப் பற்றித்தான். அவங்கள் கொஞ்சம் கெதியாய் அழுவாங்கள், அவ்வளவுதான்."

"பாண்டோ வீடோ, ஒண்டைச் சொல்லு."

மாமா கசெற்றைக் கழற்றிக்கொண்டு கராஜுக்குப் போனார். பங்குச் சுவாமியிடமே முறையிடுவதென்று அம்மா தீர்மானித்தார். சுவாமி ஐரிஷ்காரர் என்பதை அவர் யோசிக்கவில்லை போலும். கேட்டுப் பார்த்துத்தானே சொல்லலாம் என்று, சுவாமி அந்தப் பாண்டையே ஞாயிறு மத்தியானம் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

முன்வரிசையில் இருந்தோம். அம்மா செபமாலையைக் கையில் சுற்றியிருந்த விதம், யாரையோ அடிக்கப்போவது போல இருந்தது. அந்தப் பாட்டு வந்தது. நடுவில் ஓரிடத்தில் முழுப் பாண்டும் சட்டென்று நின்றது. பாண்டைக் கேட்கப் பப்புகளிலிருந்து வந்து பின்னால் நின்றவர்கள் "ஹேய்!" என்று கத்தினார்கள். மீண்டும் எல்லாம் பாய்ந்தது. அடுத்தமுறை நின்றபோது நரைத்த ஐரிஷ் கிழவிகளும் கத்தினார்கள், நானும் கத்தினேன். சுவாமியின் சப்பாத்து தாளம் போட்டது. அம்மா சுவாமியைத் திரும்பியும் பாராமல் காருக்கு நடந்தார்.

கார் ஓட்டும்போதுதான் பக்கத்தில் இருந்த மாமாவிடம் சொன்னார்.

"பாட்டு நடுவில ஒரு அடியை விட்டிட்டாய்."

"எந்த அடி?"

அம்மா பாடிக் காட்டினார். மெதுவாக ஏறி, இழுத்து இறங்கும் ஒரு அடி. மாமா அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"எங்கட அம்மா அதில நிப்பாட்டி, மூக்கைச் சிந்திப்போட்டு அடுத்த அடிக்குப் போவா. பாட்டே அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அதாலதான் அவங்களையும் அதில நிக்கச் சொன்னனான்."

சிவப்பு விளக்கில் அம்மா காரை நிறுத்தினார்.

"எங்கட ஐயா கடலுக்குப் போய் வராமல் விட்ட வருசம் நீ தொட்டிலில கிடந்தாய். அதுக்கு முந்தி அம்மா அந்த அடியையும் முழுசாத்தான் பாடுவா."

பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அப்ப அந்த அடியையும் சேர்க்கட்டே, அக்கா?"

"வேண்டாம். நிக்கிற இடத்தில நிக்கட்டும்."

பின் சீற்றில் இருந்த எனக்கு, மாமா கராஜிலேயே இருக்கப்போகிறார் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது. பாண்ட் இன்னும் சில வருடம் ஓடிக் கலைந்தது. அதுவரைக்கும் அந்த இடம் வந்தால் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியது நான்தான். நாங்கள் கத்துவதற்காகத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.