போன வருடத்துக் கொப்பு

மனைவி பூக்குமென்று காத்திருந்த ஒரேயொரு செடியை, அதற்கு நல்லது செய்வதாக நினைத்து முழங்காலுயரத்துக்கு வெட்டிவிட்டவன் நான். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள். ஒன்றுகூட என்னை மறிக்கவில்லை.

செடி டென்மார்க் மண்ணுக்கே உரியது. அதன் டெனிஷ் பெயரை நான் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்பார். ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் எங்கள் வீட்டின் பின்வளவில் அவள்தான் நட்டாள். வெள்ளைப் பூக்கள் தட்டுத்தட்டாக விரியுமாம். இரண்டு வருடம் இலைதான் வந்தது. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள்.

முதல் மருந்தேற்றி வந்த அன்று குசினியில் அடுப்புக்கு மேலிருந்த யன்னலால் செடியைப் பார்த்து, "இந்த முறை இது பூத்துதெண்டால் நானும் தப்பிடுவன்," என்றாள். சகுனம் பார்க்கிறவர்களை ஆயுள் முழுக்க நக்கலடித்த நானும் அன்று எட்டிச் செடியைப் பார்த்தேன்.

அதன்பின் அவள் தெருப்பக்க அறையில் படுக்கையோடு கிடந்தாள். பூக்கவைப்பது என் பொறுப்பாயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே பூச்செடி செவ்வரத்தை. யாழ்ப்பாணத்தில் அது வெட்ட வெட்டப் பூக்கும். மார்ச்சில் ஒருநாள், அவள் மாத்திரை போட்டுப் படுத்த பிறகு, வேலையை முடித்தேன்.

மே மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். இந்தச் செடி போன வருடத்துக் கொப்பில்தான் பூக்குமாம், புதிதாய் விடும் கிளையில் பூக்காதாம். "பரவாயில்லை, அடுத்த வருடம் பூக்கும்," என்றார்.

அடுத்த வருடம். எங்கள் மருத்துவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. "ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவள் கொஞ்சம் தேறிக் குசினிக்கு வரத் தொடங்கியதும் யன்னல் திரையை இழுத்துவிட்டேன். கண்ணில் வெயில் குத்துகிறது என்று சாக்குச் சொன்னேன். மழை ஓயாத இந்த மேற்கு யூலண்டில், வெயில்! அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஜூனில், ஆஸ்பத்திரிக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சை பாரும், அந்தச் செடி இந்த முறை பூக்காது. நான்தான் வெட்டிப்போட்டன்."

"தெரியும். அண்டைக்கு மெல்ல எழும்பிக் குசினிக்குத் தண்ணி குடிக்க வந்தனான். நீங்கள் வெட்டி முடியுமட்டும் யன்னலடியிலைதான் நிண்டனான்."

"பிறகேன் நீர் மறிக்கேல்லை?"

அவள் குனிந்து நாடாவை முடிந்தாள்.

"இருபத்தாறு வருசத்திலை நீங்கள் தொடங்கின வேலையொண்டை முடிக்கிறதை அண்டைக்குத்தான் பாத்தனான். ஏன் குழப்பவேணும் எண்டு விட்டிட்டன்."